ஒரு மரணமும் மூன்று பரிசோதனைகளும்

2004 டிசம்பர் 26இல் கடல் பொங்கி எம் கரையை விழுங்கிய அன்று, கல்முனை ஆஸ்பத்திரிக்கு ஒரு பச்சிளங்குழந்தை எடுத்து வரப்பட்டது. யார் பெற்ற பிள்ளையென்று எவருக்கும் தெரியாது. பதிவேட்டில் அதற்குக் கிடைத்த இலக்கம் 81. பிள்ளைகளைக் கடலுக்குக் கொடுத்துவிட்டுத் தவித்தோர் பலர் அதனைத் தமதென்று கோரியதாக உலகெங்கும் செய்தி பரவிற்று. கல்முனை நீதிமன்றம் மரபணுப் பரிசோதனைக்கு உத்தரவிட்டது. 2005 பெப்ரவரி 14இல் முடிவு வந்தது. இரு நாட்களில் குழந்தை பெற்றோரின் கையில் இருந்தது. நாடே பிணக்காடாய்க் கிடந்த வேளையில், ஏழு வாரங்களில் ஓர் உண்மையை நிலைநாட்ட முடிந்தது.

அதே நீதிமன்றத்தின் எல்லைக்குள், பதினான்கு ஆண்டுகளின் பின், ஒரு பெண் இறந்தாளா இல்லையா என்று சொல்வதற்கு இந்நாட்டின் பொலிஸாருக்கு ஏறக்குறைய நான்கு ஆண்டுகள் தேவைப்பட்டன. சொன்ன பின்பும் நம்புவாரில்லை.

2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறன்று தேவாலயங்களிலும் ஹோட்டல்களிலும் 260க்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டனர். ஐந்தாம் நாள், ஏப்ரல் 26 இரவு, சாய்ந்தமருதில், சுனாமியில் வீடிழந்தோருக்கென எழுந்த வொலிவேரியன் கிராமத்து வீடொன்றில், சூத்திரதாரி ஸஹ்ரானின் தந்தையும் சகோதரரும் தம்மைத்தாமே வெடிக்கவைத்து மாண்டனர். ஆறு குழந்தைகளும் அவர்களோடு மாண்டன. கட்டுவாப்பிட்டித் தேவாலயத்தில் குண்டை வெடிக்கவைத்தவனின் மனைவி சாரா ஜெஸ்மினும் அவ்வீட்டில் இருந்தாள் என்று, உயிர் தப்பிய ஸஹ்ரானின் மனைவி சொன்னார். மட்டக்களப்புத் தமிழ்க் குடும்பமொன்றிற் பிறந்து மதம் மாறியவள் சாரா. அவளுடைய தாயின் மரபணுவோடு எச்சங்களை ஒப்பிட்டார்கள். பொருந்தவில்லை என்றார்கள். மீண்டும் ஒப்பிட்டார்கள், மீண்டும் பொருந்தவில்லை. 2022 ஏப்ரலில் அம்பாறைப் புத்தங்கல மயானத்திலே புதைத்ததைத் தோண்டியெடுத்தார்கள். 2023 மார்ச்சில், மூன்றாம் பரிசோதனையில் பொருந்திற்று, அவள் இறந்தாள், என்று பொலிஸார் அறிவித்தனர்.

இடைப்பட்ட காலத்தில் நடந்ததென்ன? அவள் கடல்வழியே இந்தியாவுக்குத் தப்பினாள் என்ற கதை எழுந்தது. தப்புவதற்கு உதவினார் என்று பொலிஸ் அதிகாரி ஒருவரே 2020இல் கைது செய்யப்பட்டார். பொலிஸில் ஒரு கை அவளைத் தேடி இந்தியாவை நோக்க, மறுகை அவளுடைய எலும்பைத் தேடி மயானத்தைத் தோண்டிற்று!

இங்கே ஒரு நுணுக்கத்தைப் பொறுமையோடு பார்க்க வேண்டும். அதில்தான் சங்கதி முழுவதும் இருக்கிறது. தாயின் மரபணுவிற் பாதி பிள்ளைக்கு வருகிறது. ஆகவே ஒரு சதைத்துண்டை எடுத்து, அது இன்னாளுடைய பிள்ளையினதா என்று கேட்டால் விஞ்ஞானம் விடை சொல்லும். ஆனால் அந்தத் துண்டைப் பற்றி மட்டுமே சொல்லும். வெடித்துச் சிதறிய வீட்டில் பலருடைய உடல்கள் ஒன்றோடொன்று கலந்து கிடக்கும். பத்துத் துண்டுகளைச் சோதித்துப் பொருந்தவில்லையென்றால், அந்தப் பத்தும் அவளுடையவை அல்ல என்பதே பொருள். பதினோராவது துண்டு என்ன சொல்லியிருக்கும்? 'பொருந்தவில்லை' என்பதை 'அவள் அங்கில்லை' என்று வாசிப்பது சாதாரணத் தருக்கப் பிழை. அந்தப் பிழையின் மேல்தான் ஒரு நாடு நான்காண்டு கோட்டை கட்டிற்று.

கலந்து சிதறியிருந்தன, நாம் என்ன செய்வது, என்பார்கள். சிதறியிருந்தால் ஒவ்வொரு துண்டுக்கும் இலக்கமிடுவதும், கிடந்த இடத்தைக் குறிப்பதும், படமெடுப்பதும், எல்லாவற்றிலும் மாதிரி எடுத்து முத்திரையிடுவதும் அன்றோ முறை! அதே சுனாமியின் பின் தாய்லாந்தில் பல நாட்டு நிபுணர்கள் கூடி, அழுகிய உடல்களுக்கு இலக்கமிட்டு, பற்களாலும் கைரேகையாலும் மரபணுவாலும் ஆயிரக்கணக்கானோரை அடையாளம் கண்டார்கள். அம்பாறை மாவட்டமோ பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட உயிர்களை இழந்து, பலரைப் பெயரின்றி மண்ணிற் புதைத்தது. அந்தப் பாடத்தைப் படிக்க எம் அரசுக்கு எத்தனை பிணங்கள் தேவை?

திடீர் மரணங்களை எப்படி விசாரிப்பதென்று 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவை விரிவாகவே சொல்கிறது. சட்டத்திற் குறையில்லை. இறந்தவன் பயங்கரவாதி எனில் அவனுடைய மரணத்தை ஒழுங்காக விசாரிப்பானேன் என்ற அலட்சியம்தான் குறை. நான் சாராவுக்காக வழக்காட வரவில்லை. கட்டுவாப்பிட்டியில் மாண்ட குழந்தைகளுக்காகவே கேட்கிறேன்: உண்மை தெரிந்தவள் உயிரோடிருந்தால் அவளைக் கூண்டிலேற்ற வேண்டும், இறந்திருந்தால் அவள் பெயரால் வேறெவரும் மறைந்துகொள்ள இடம் வைக்கக்கூடாது. ஐயம் நீடிப்பதனால் இலாபம் அடைந்தோர் யார்?

நட்டம் அடைந்தோர் யாரென்பது எமக்குத் தெரியும். அவ்வீட்டில் வந்து தங்கியோரைக் கண்டு ஐயுற்றுத் தகவல் கொடுத்தவர்கள் சாய்ந்தமருது முஸ்லிம் மக்களே. தம் தெருவில் நெருப்பு வரக்கூடும் என்று தெரிந்தும் வாய் திறந்தார்கள். அதற்குக் கிடைத்த கைம்மாறு என்ன? முகத்திரை தடைசெய்யப்பட்டது, பர்தா அணிந்து பஸ் ஏறிய பெண்ணை ஊரே உறுத்துப் பார்த்தது, தப்பியோடியவள் என்று சொல்லப்பட்ட ஒருத்தியின் நிழல் கரையோர ஊர்களின் மேல் ஆண்டுக்கணக்காய்க் கிடந்தது. மட்டக்களப்பில் ஒரு தாய் இருக்கிறார். மகளுக்காக அழுவதா, காத்திருப்பதா என்று தெரியாமல் அவர் கழித்த ஆண்டுகளை எந்த அறிக்கையில் எழுதுவார்கள்?

மூன்றாம் முடிவும் வாயை அடைக்கவில்லை. 2025இலும் பாராளுமன்றத்தில் அவள் பெயர் எழுந்தது. எழாதிருக்குமா? இரண்டு முறை இல்லையென்ற பரிசோதனை மூன்றாம் முறை ஆமென்றால், இடையில் மாறியது எது? தோண்டியெடுத்த மாதிரி எவர் கையிலிருந்து எவர் கைக்குப் போயிற்று? முதலிரு தடவைகளில் எத்தனை துண்டுகள், எந்த உடல்களிலிருந்து எடுக்கப்பட்டன? ஊடகப் பேச்சாளரின் ஒரு வரி அறிவிப்பு இவற்றுக்கு விடையாகாது. அம்மூன்று அறிக்கைகளும், மாதிரிகள் கைமாறிய பதிவுகளோடு, கல்முனையில் திறந்த நீதிமன்றத்தில் தமிழிலும் சிங்களத்திலும் வாசிக்கப்பட வேண்டும். எஞ்சிய மாதிரிகளை இந்நாட்டு அரசியலோடு தொடர்பற்ற ஆய்வுக்கூடமொன்று மீளவும் சோதிக்க வேண்டும். முடிவை முதலில் அந்தத் தாய்க்குச் சொல்ல வேண்டும். பத்திரிகைக்காரர் அதன் பின்னர் வரட்டும்.