'போர்மேன் கைது, உரிமையாளருக்கு வலை!' - அப்புறம் என்னாச்சு? போன்லயே பார்க்கலாம்

சிவகாசிப் பக்கம் பட்டாசு ஆலை வெடிச்சா, மறுநாள் செய்தி பெரும்பாலும் ஒரே மாதிரிதான்: 'போர்மேன் கைது, உரிமையாளருக்கு வலை.' 2012-ல் முதலிப்பட்டி, 2021-ல் அச்சங்குளம்னு ஊர்ப்பேர் நமக்கு ஞாபகம் இருக்கு. வழக்கு என்னாச்சுன்னு கேட்டா முழிப்போம்.

எஃப்.ஐ.ஆரை 24 மணி நேரத்துக்குள் இணையத்தில் ஏற்றணும்னு 2016-ல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. பாலியல், பயங்கரவாத வழக்குகள் போன்றவற்றுக்கு மட்டும் விலக்கு. தமிழ்நாடு காவல்துறையின் இ-சர்வீசஸ் தளத்தில் மாவட்டம், ஸ்டேஷன், எஃப்.ஐ.ஆர் எண், ஆண்டு போட்டுப் பாருங்க. எந்தெந்தப் பிரிவுன்னு அதுல தெரியும். ஆனா, எஃப்.ஐ.ஆர்ல பேர் இருந்தாலே கைதுன்னு அர்த்தமில்லை. இங்கதான் பலரும் சறுக்குறாங்க.

கைது விவரத்துக்கு வேற வழி. 2024 ஜூலை 1-ல் அமலுக்கு வந்த பி.என்.எஸ்.எஸ் சட்டத்தின் 37-வது பிரிவுப்படி, கைதானவர்களின் பெயர், முகவரி, குற்றத்தின் தன்மையை ஒவ்வொரு ஸ்டேஷனிலும் மாவட்டத் தலைமையகத்திலும் எல்லாரும் பார்க்குற மாதிரி வைக்கணும்; டிஜிட்டலாகவும்தான். ஸ்டேஷனில் தைரியமா கேளுங்க.

அதே எஃப்.ஐ.ஆர் எண்ணை இ-கோர்ட்ஸ் ஆப்பிலும் தேடலாம். மாவட்ட நீதிமன்றம் இருப்பது விருதுநகர்ல இல்ல, ஸ்ரீவில்லிபுத்தூர்ல. அந்த வளாகத்தையும் விட்டுடாதீங்க. ஜாமீன் மனு போட்டது போர்மேனா, உரிமையாளரா, அடுத்த வாய்தா எப்போன்னு அங்கதான் தெரியும்.