நட்சத்திரச் சீட்டும் கும்ப ராசியும்

புதுக்கோட்டையில் நண்பர்கள் நாங்கள் நூல்கள் குறித்துப் பேசக் கூடும் மாலைகளில், அண்மைக் காலமாக டாரட் சீட்டும் பேச்சில் வந்து அமர்ந்துகொள்கிறது. ஆலங்குடிப் பக்கத்து இளம் நண்பர் ஒருவர் தம் கைபேசியில் ஒரு சீட்டைக் காட்டினார். பதினேழாம் எண்ணுள்ள 'நட்சத்திரம்'. "இது கும்ப ராசிக்குரிய சீட்டாம், ஐயா. எனக்கும் கும்பம்தான். ஏழரைச் சனியில் இருப்பவனுக்கு இது வந்தால் நல்ல காலம் பிறக்கும் என்கிறார்கள். நம்பலாமா?" என்று கேட்டார். 2018 நவம்பரில் கஜா புயல் அவர் குடும்பத்துத் தென்னந்தோப்பைச் சாய்த்ததை நாங்கள் அறிவோம். ஆகவே சிரித்துக் கடந்துவிட எங்களால் இயலவில்லை.

கோயில் வாசலில் கிளி எடுத்துத் தந்த அட்டைகளைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். படம் பலன் சொல்வது நமக்குப் புதிதன்று. ஆயினும் டாரட்டின் வரலாறு வேறு. பதினைந்தாம் நூற்றாண்டில் வட இத்தாலியில் அது வெறும் சீட்டாட்டமாகவே பிறந்தது. 1781இல் கூர் த ஜெபெலென் என்ற பிரெஞ்சுக்காரர் அதனுள் பண்டை எகிப்தின் ஞானம் மறைந்திருப்பதாக எழுதினார். அதற்குச் சான்று ஏதும் இல்லை. 1888இல் லண்டனில் தோன்றிய 'கோல்டன் டான்' என்ற மறைஞானக் குழுவினர் சீட்டுகளைக் கிரகங்களோடும் ராசிகளோடும் வரிசையாக இணைத்தனர். நட்சத்திரச் சீட்டு கும்பத்தின் பங்குக்கு வந்தது அப்போதுதான். அக்குழுவைச் சேர்ந்த வெய்ட்டின் திட்டப்படி பமீலா கோல்மன் ஸ்மித் என்ற ஓவியர் வரைந்து 1909இல் வெளிவந்த படமே இன்று கைபேசிகளில் உலவுகிறது.

அவர்களுடைய கும்பமும் நம்முடைய கும்பமும் ஒன்றல்ல என்பதையும் சொல்லவேண்டும். மேலை முறை சாயனம், நம்முடையது நிராயனம். இரண்டுக்கும் இடையே ஏறத்தாழ 24 பாகை வேறுபாடு. அவர்களுக்குச் சூரியன் ஜனவரி 20 வாக்கில் கும்பம் புகுகிறது; நமக்கோ மாசி பிறக்கும் பிப்ரவரி நடுவில். மேலும், அவர்கள் ராசி என்பது பிறந்தபோது சூரியன் நின்ற இடத்தை. நாம் சொல்வது சந்திரன் நின்ற இடத்தை. நண்பரின் கும்பத்துக்கும் சீட்டின் கும்பத்துக்கும் பெயர்ப் பொருத்தம் மட்டுமே உண்டு. நமக்குள்ளும்தான் ஒருமை எங்கே இருக்கிறது? திருக்கணிதப்படி சனி கும்பத்துக்கு வந்தது 2023 ஜனவரியில். வாக்கியப் பஞ்சாங்கப்படி அதே ஆண்டு டிசம்பரில்.

அப்படியானால் சீட்டைத் தூக்கி எறிந்துவிடலாமா? வேண்டாம் என்பதே எங்கள் கருத்து. இலக்கிய வாசகர் செய்யவேண்டியது படத்தை வாசிப்பது. பதினாறாம் சீட்டில் இடி விழுந்த கோபுரம். மனிதர்கள் தலைகீழாக விழுகிறார்கள். அடுத்ததே நட்சத்திரம். ஒரு பெரிய விண்மீன், சுற்றிலும் ஏழு சிறியவை. கீழே ஆடையற்ற பெண்ணொருத்தி மண்டியிட்டிருக்கிறாள். ஒரு குடத்து நீரைக் குளத்திலும் மறு குடத்து நீரை நிலத்திலும் ஊற்றுகிறாள். சீட்டின் பொருள் நம்பிக்கை என்று நூல்கள் எழுதுகின்றன. ஆனால் அவள் வானத்தை நிமிர்ந்து பார்க்கவில்லை என்பதைக் கவனிக்கவேண்டும். அவள் கண் குடத்திலும் மண்ணிலும் இருக்கிறது.

இந்தப் படத்தை நாங்கள் நேரில் கண்டிருக்கிறோம். கஜாவுக்கு மறு ஆண்டான 2019இல், கொத்தமங்கலம், கீரமங்கலம் வட்டாரத்து இளைஞர்கள் தங்களுக்குள் பணம் திரட்டிக் குளங்களைத் தூர்வாரினர். வானம் பார்த்த மாவட்டம் எனப் பெயர் பெற்ற ஊரில், வானத்தைப் பார்த்தது போதும் என்று குனிந்தவர்கள் அவர்கள். சாய்ந்த தென்னைக்குப் பதில் வைக்கும் பிள்ளை காய்க்க ஐந்தாறு ஆண்டுகள் ஆகும். அந்த ஆண்டுகளைத் தாங்குவதற்கு நிலத்தடியில் நீர் வேண்டும். பலன் சொல்லும் சீட்டால் அதைத் தர இயலாது.

விந்தை என்னவெனில், கும்பம் இரு மரபிலும் சனியின் வீடு. நம்பிக்கையின் சீட்டை நாம் அஞ்சும் கிரகத்தின் வீட்டில் வைத்தவர்கள் என்ன நினைத்தார்களோ, எங்களுக்கு அது பொருத்தமாகவே படுகிறது. சனைச்சரன் என்ற சொல்லுக்கு மெல்ல நடப்பவன் என்றே பொருள். ராசிக்கு இரண்டரை ஆண்டாக நடந்து, ஒரு சுற்றை முடிக்க அவனுக்கு முப்பது ஆண்டுகள் ஆகின்றன. நம்பிக்கையும் அந்த நடைதான் நடக்கும். நாளையே விடியும் என்று காசு வாங்கிக்கொண்டு சொல்பவர் யாராயினும், சீட்டையும் அறியார், சனியையும் அறியார்.

இதையெல்லாம் நண்பரிடம் சொன்னோம். அவர் சற்று நேரம் படத்தையே பார்த்திருந்துவிட்டு, "ரெண்டு குடம் வச்சிருக்காளே ஐயா, எங்க தோப்புக்கு ஒண்ணே போதும்" என்றார். வரத்துவாரியில் இன்னும் அடைப்பு இருக்கிறதாம். அதைப் பற்றிப் பேசத் தொடங்கினோம்.