வீட்டு ஒலிப்பதிவும் ஒலிச்செம்மை மென்பொருளும்

வீட்டு அறையிலேயே ஒலிப்பதிவு செய்வோர் நம் நாட்டில் பெருகிவிட்டனர். 2020 மார்ச் 18-ஆம் நாள் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்தபொழுது, பாடங்களைக் குரலில் பதிந்து புலனத்தில் அனுப்பத் தொடங்கிய தமிழாசிரியர்கள் பலர் அந்தப் பழக்கத்தை இன்றும் விடவில்லை. கேட்டல் பயிற்சி, கதை, செய்யுள், பள்ளி விழாவுக்கான பாடல் எனப் பலவும் வீட்டிலேயே உருவாகின்றன. மகிழ்ச்சிக்குரிய செய்திதான். ஆனால், இவர்கள் அனைவரும் ஒரு கட்டத்தில் ஒரே கேள்வியில் வந்து நிற்கின்றனர். 'மாஸ்டரிங்' செய்வதற்கு எந்த மென்பொருளை வாங்கலாம்?

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எதையும் வாங்க வேண்டாம்! குரல் பதிவுக்கு இலவச மென்பொருளே போதும். அதிலும், நாம் செய்வதை எண்களாகக் காட்டி, நாம் சொன்னதை மட்டும் செய்கின்ற மென்பொருளே நல்லது. ஒரே சொடுக்கில் எல்லாவற்றையும் சரிசெய்துவிடுவதாகச் சொல்லும் கருவிகளைத்தான் தமிழாசிரியர் மிகவும் ஐயுற வேண்டும்.

மாஸ்டரிங் என்பதை ஒலிச்செம்மை எனலாம். பதிவு முடிந்து, பல தடங்களையும் கலந்து ஒன்றாக்கிய பின்னர், வெளியிடுவதற்கு முன் செய்கின்ற கடைசி வேலை அது. இசைத்தட்டுக் காலத்தில், ஊசி தடம் மாறிக் குதித்துவிடாதபடி ஒலியை அடக்கித் தருவதும் அந்த வேலையில் அடங்கியிருந்தது. இன்று அந்தக் கவலை பெரும்பாலோர்க்கு இல்லை. ஒலியளவைச் சீராக்குவதும், அடித்தளத்து முழக்கத்தைக் குறைப்பதும், உச்சம் உடைந்து கரகரக்காமல் காப்பதுமே ஒரு குரல் பதிவுக்குத் தேவையானவை.

'எனது பதிவு மற்றவர் பதிவைவிட மெதுவாகக் கேட்கிறதே' என்னும் ஏக்கம்தான் பலரையும் விலையுயர்ந்த மென்பொருளை நோக்கித் தள்ளுகிறது. இந்த ஏக்கத்திற்கு இப்பொழுது பொருளே இல்லை. கேட்பொலியின் உரப்பை அளக்கும் முறையை அனைத்துலகத் தொலைத்தொடர்பு ஒன்றியம் 2006-இல் வகுத்தது. ஐரோப்பிய ஒலிபரப்பு ஒன்றியம் 2010-இல் அதனைப் பின்பற்றி -23 எல்.யு.எப்.எஸ் என்னும் அளவைப் பரிந்துரைத்தது. ஸ்பாட்டிபை, தன் இயல்பான அமைப்பில் -14 என்னும் அளவுக்குப் பாடல்களைச் சமன் செய்கிறது. யூடியூபும் மிகையாக உரத்தவற்றைத் தானே தணித்துவிடுகிறது. நீங்கள் எவ்வளவு நெருக்கி உரக்கச் செய்தாலும், அவர்கள் குறைத்துவிடுவார்கள். நெருக்கியதால் உயிர் போன ஒலி மட்டும் மிஞ்சும்! 2008-இல் வெளிவந்த மெட்டாலிக்கா குழுவின் 'டெத் மேக்னெட்டிக்' தொகுப்பு இப்படி நெருக்கப்பட்டதனால் இரசிகர்களே மனம் நொந்து குறைகூறினர் என்பதை இங்கே நினைவுபடுத்தலாம்.

இனி, நம் மொழியைப் பற்றிப் பேச வேண்டும். பல்லி, பள்ளி. மரம், மறம். மனம், மணம். வாழை, வாளை. இச்சொற்களைப் பிரித்தறிவதற்குப் பிள்ளையின் காதுக்குக் கிடைப்பது மிக நுண்ணிய ஒலிக்குறிப்புகளே. லகர, ளகர, ழகர வேறுபாட்டின் பெரும்பகுதி ஏறத்தாழ 1,500 முதல் 3,500 ஹெர்ட்ஸ் வரையிலான பகுதியில் அமைகிறது. நாக்கு வளைகின்ற அந்தக் கணத்தில் நிகழும் சிறிய நகர்வுகளே எழுத்தைக் காட்டிக்கொடுக்கின்றன. இரைச்சல் நீக்கும் கருவியை மிகையாக முடுக்கிவிட்டால் முதலில் அழிவது இவைதாம். இரைச்சலோடு சேர்த்து எழுத்தின் விளிம்பையும் அது துடைத்துவிடும். குரல் தண்ணீருக்குள்ளிருந்து பேசுவதுபோல் ஆகிவிடும். பெரியவர்களாகிய நாம் பழக்கத்தால் பொருளை ஊகித்துக்கொள்வோம். இரண்டாம் ஆண்டு மாணவனுக்கு அந்தப் பழக்கம் ஏது? வீட்டில் மலாயும் ஆங்கிலமும் மட்டுமே புழங்கும் பிள்ளைக்கு, ஆசிரியரின் பதிவுதான் ழகரத்தைக் கேட்கும் ஒரே வாய்ப்பாகவும் இருக்கக்கூடும்.

ஆகவே, தானியங்கிச் செம்மைக் கருவிகளை நான் பரிந்துரைப்பதில்லை. 2014-இல் தொடங்கிய லாண்டர் போன்ற இயங்கலைச் சேவைகளும், ஐசோடோப் நிறுவனத்தின் ஓசோன் மென்பொருளில் உள்ள செயற்கை நுண்ணறிவுத் துணைவனும் திறமையானவையே, மறுப்பதற்கில்லை. ஆனால், அவை இசைத்தொகுப்பை மனத்தில் கொண்டு உருவானவை. ஓசோன் காட்டும் இலக்குப் பட்டியலில் பாப், ராக், ஹிப் ஹாப் என்று மேலை இசை வகைகளே முன்னிற்கின்றன. நம் இளைஞர்களின் உறுமி மேளத்திற்கு நாமே ஒரு மாதிரிப் பாடலைக் கொடுத்துத்தான் வழிகாட்ட வேண்டும். அப்படிக் கொடுக்கவும் அதில் வழி உண்டு. இசைக்குழு நடத்துவோர் முயன்று பார்க்கலாம். செய்யுள் பதிவுக்கு அது வேண்டாதது.

நான் சுட்டுவது ஆடாசிட்டி. 2000-ஆம் ஆண்டு மே மாதத்தில் வெளிவந்த இந்தத் திறமூல மென்பொருள் விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் இயங்கும். 2021-இல் மியூஸ் குழுமத்தின் கைக்கு மாறியபொழுது பயனர் தகவல் சேகரிப்பு பற்றிய சலசலப்பு எழுந்தது. ஆயினும் அது இலவசமாகவே தொடர்கிறது. பல தடங்களில் பாடல் அமைப்போர்க்கு ரீப்பர் ஏற்றது. 60 நாள் முழுமையாகப் பயன்படுத்திப் பார்க்கலாம். தனிப்பட்ட பயனுக்கான உரிமம் 60 அமெரிக்க டாலர். திருட்டுப் பதிப்பை விரலியில் வாங்கிப் போடும் வழக்கம் மட்டும் வேண்டவே வேண்டாம். முன்பு இரவுச் சந்தையில் வட்டாக விற்றது, இன்று வேறு வடிவில் உலவுகிறது. நன்னெறிக் கல்வி கற்பிக்கும் நமக்கு அது அழகன்று. நச்சுநிரலும் இலவசமாக வந்து சேரும்!

ஆடாசிட்டியில் செய்ய வேண்டியவை கொஞ்சமே. 80 ஹெர்ட்ஸுக்குக் கீழுள்ளதை வடிகட்டுங்கள். மிதமான ஒலிநெருக்கம் கொடுங்கள். பின்னர் உரப்புச் சமனாக்கத்தில் -16 எனக் குறியுங்கள். ஆப்பிள் நிறுவனம் வலையொலிகளுக்குப் பரிந்துரைப்பது இந்த அளவே. முன்னிருப்பாக அங்கே -23 என்றிருக்கும். அதை அப்படியே விட்டால் கைப்பேசியில் மெதுவாகக் கேட்கும். கடைசியாக உச்சத்தை -1 டெசிபெலில் நிறுத்துங்கள். இரைச்சல் நீக்கம் தவிர்க்க முடியாததானால் 6 டெசிபெலுக்கு மேல் போகாதீர்கள்.

எந்த மென்பொருளாலும் அறையின் எதிரொலியைச் செம்மையாக நீக்க இயலாது. தரையோட்டு வீடுகளில் இதுவே பெருந்தொல்லை. துணி நிறைந்த அலமாரியைத் திறந்துவைத்து, அதை நோக்கிப் பேசிப் பாருங்கள். முதுகுக்குப் பின்னால் ஒரு தடித்த போர்வையையும் தொங்கவிடுங்கள். மின்விசிறியை நிறுத்துங்கள், வியர்த்தாலும் சரி. தகரக் கூரையில் மழை பெய்தால் அன்று பதிவு வேண்டாம்.

பதிவு முடிந்ததும் விலையுயர்ந்த செவிப்பொறியில் கேட்டு மகிழாமல், பிள்ளைகள் கேட்கும் அதே சிறிய கைப்பேசியில் ஒலிக்கவிடுங்கள். பதிவிலிருந்து பத்துச் சொற்களைப் பொறுக்கி, பாடத்தை அறியாத ஒரு பிள்ளைக்குச் சொல்வதெழுதுதல் வையுங்கள். பள்ளியைப் பல்லி என்று எழுதினால், இரைச்சல் நீக்கத்தை விலக்கிவிட்டு மீண்டும் ஒருமுறை கேட்கச் சொல்லுங்கள். அப்பொழுதும் பல்லிதான் என்றால், மென்பொருளை மூடிவிட்டு ஒலிவாங்கியை வாய்க்கு ஒரு சாண் தொலைவில் வைத்துப் புதிதாகப் பதியுங்கள்.