குறையன்று, குணமே!

என் தந்தை அல்லிநகரத்தில் சைக்கிள் கடை வைத்திருக்கிறார். கழன்ற செயினை மாட்ட எனக்கும் தெரியும். ஆனால், அதைத் தோழியரிடம் சொல்ல வெகுநாள் கூச்சப்பட்டேன். அந்தக் கூச்சத்தைப் போக்கியது ஒரு பழைய ஜப்பானியக் கார் என்றால் சிரிப்பீர்கள்!

1963-இல் ஹோண்டா நிறுவனம் ‘எஸ் 500’ என்ற ஸ்போர்ட்ஸ் காரை விற்பனைக்குக் கொண்டு வந்தது. இருவர் மட்டுமே அமரலாம். இன்ஜினோ 531 சி.சி. தான். அதன் பின்சக்கரங்களைச் சுழற்றியவை இரண்டு செயின்கள்! மோட்டார் சைக்கிள் செய்து பழகிய நிறுவனம் அல்லவா? அதன் நிறுவனர் சோய்சிரோ ஹோண்டா ஒரு கொல்லரின் மகன். தெரிந்த தொழிலை மறைக்காமல் அதிலிருந்தே தொடங்கினார். பின்னர் வந்த ‘எஸ் 800’ காரில் செயினை நீக்கினார்கள். ஆயினும் தொடக்கம் தொடக்கம்தானே!

நம் சென்னையையும் பாருங்கள். இங்கிலாந்தின் ‘ட்ரையம்ப் ஹெரால்டு’ காருக்கு இரண்டே கதவுகள். 1961 முதல் அதை ‘ஸ்டாண்டர்டு ஹெரால்டு’ என்று செய்த சென்னைத் தொழிற்சாலை, பிற்பாடு நான்கு கதவுகள் வைத்தது. பாட்டியும் பேரக்குழந்தைகளும் பின்னால் ஏறுவது எளிதாயிற்று.

பழைய கார்களின் அழகு பளபளப்பில் இல்லை. செய்தவர் யார், யாருக்காகச் செய்தார் என்பதை அவை மறைப்பதில்லை. அதுவே அவற்றின் அழகு என்பது என் கருத்து. நாமோ ஒருவரைப் போல் ஒருவர் ஆகவே முயல்கிறோம்.

தோழியரே, உங்கள் சைக்கிள் செயின் கழன்றால் என்னிடம் வாருங்கள். இனி எனக்குக் கூச்சமில்லை.

– பத்தாம் வகுப்பு மாணவி