ரோடியர்காரர்

புதுச்சேரி ரோடியர் மில் மூடிய பிறகும் கரிக்கலாம்பாக்கத்தில் சிலருக்கு அதுதான் முகவரி. பேத்தி கல்யாணப் பத்திரிகையில்கூடப் பெயருக்குப் பின்னால் ‘ஏ.எஃப்.டி. மில், ஓய்வு’ என்று போட்டுக்கொள்கிறார்கள். ஏ.எஃப்.டி. என்பது காகிதத்தில்தான், வாயில் எப்போதும் ரோடியர்.

1898இல் தொடங்கிய ஆலை அது. வில்லியனூர், பாகூர் பக்கத்து ஊர்களிலிருந்து சைக்கிளை மிதித்துக்கொண்டு ஷிப்டுக்குப் போய்வந்த தலைமுறை ஒன்று இருந்தது. 2011 டிசம்பர் 30இல் தானே புயல் ஆலையைப் புரட்டிப் போட்டது. அதன்பின் லே-ஆஃப், பாதிச் சம்பளம், கடைசியில் 2020இல் மூடல். சுதேசி, பாரதி மில்களுக்கும் அதே கதிதான். செட்டில்மெண்ட், கிராஜுவிட்டி பற்றி நிறையப் பேசியாகிவிட்டது, பேசவும் வேண்டும். ஆனால் சம்பளத்தோடு சேர்ந்து போன இன்னொன்றுக்கு எந்தப் படிவத்திலும் கட்டம் கிடையாது.

எங்கள் தெருவில் ஒருவர், நெசவுப் பிரிவில் இருந்தவர். மில் நின்றபிறகும் நாலரைக்கு எழுந்து சைக்கிளைத் துடைத்து, காற்றடித்து, திண்ணையோரம் சாய்த்து வைப்பார். பிறகு அதன் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார். “பணம் போனதுகூட உறைக்கல தம்பி. எது வேலை நாள், எது லீவு நாள்னு தெரியாமப் போச்சு” என்றார் ஒருநாள். “உங்க அண்ணனைக் கடைத்தெரு வரைக்குமாவது கூட்டிக்கிட்டுப் போங்க” என்று அவர் மனைவி, எனக்கு அண்ணி முறை, என்னிடம் சொல்லாத வாரம் இல்லை.

இதே கதையை 1930களிலேயே எழுதிவைத்திருக்கிறார்கள். வியன்னாவுக்குப் பக்கத்தில் மரியந்தால் என்ற சிற்றூர். அதுவும் நூலாலையை நம்பிய ஊர். ஆலை மூடியதும் மரீ யஹோதாவும் அவர் சகாக்களும் அங்கே போய் ஊரையே கணக்கெடுத்தார்கள். நேரம் கையில் கொட்டிக் கிடந்தும் நூலகத்தில் புத்தகம் எடுப்பது குறைந்தது. சங்கங்களுக்கு ஆள் வருவது குறைந்தது. தெருவில் ஆண்களின் நடைகூடத் தளர்ந்துபோனதைக் கடிகாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு குறித்திருக்கிறார்கள். பெண்கள் மட்டும் வேகமாக நடந்தார்களாம். அடுப்பு வேலைக்கு ஏது லே-ஆஃப்?

ஆனால் எல்லா ரோடியர்காரரும் திண்ணையில் சாய்ந்துவிடவில்லை. இன்னொருவர் கூத்து ஜமாவில் மத்தளக்காரர். லீவு போட்டுவிட்டுத் திரௌபதி அம்மன் கோயில்களில் விடிய விடியப் பாரதக் கூத்துக்கு வாசித்துவிட்டு, கண் சிவக்க மில்லுக்கு வந்து திட்டு வாங்கியவர். மில் போனது, ஜமா இருந்தது. ஒரு ராத்திரி வராவிட்டால் ஆள் அனுப்பிக் கேட்பார்கள்.

இந்த இருவருக்கும் உள்ள வித்தியாசத்தை 2016இல் வெளியான ஓர் ஆய்வு எண்ணிக்கையிலேயே காட்டியது. நிக்லாஸ் ஸ்டெஃபன்ஸ் உள்ளிட்டோர் இங்கிலாந்தில் வேலையிலிருந்து ஓய்வுபெற்ற 424 பேரின் விவரங்களை ஆராய்ந்தார்கள். ஓய்வுக்கு முன் இரண்டு குழுக்களில் இருந்து, பின்னும் இரண்டையும் விடாமல் வைத்திருந்தவர்கள் ஆறு ஆண்டுகளுக்குள் இறக்கும் வாய்ப்பு 2 சதவீதம். ஒன்றை இழந்தால் 5. இரண்டையும் இழந்தால் 12. உடற்பயிற்சி தரும் பலனுக்கு ஏறக்குறைய நிகர் என்கிறார்கள். டாக்டர்கள் நடக்கச் சொல்கிறார்கள், உப்பைக் குறைக்கச் சொல்கிறார்கள். ‘எந்த ஜமாவில் இருக்கீங்க?’ என்று கேட்ட டாக்டரை நான் பார்த்ததில்லை.

பேர் பட்டியலில் இருந்தால் மட்டும் போதாது. என்னையே பத்து வாட்ஸாப் குழுவில் சேர்த்திருக்கிறார்கள். ஒரு மாதம் எட்டிப் பார்க்காவிட்டாலும் யாருக்கும் தெரியாது. காணோமே என்று தேட ஆள் இருக்கும் இடம்தான் மனசுக்குத் தெம்பு.

அதற்காகக் கூட்டம் என்றாலே நல்லது என்று நான் சொல்ல வரவில்லை. அதே திரௌபதி அம்மன்தான் விழுப்புரம் மாவட்டம் மேல்பாதியிலும் இருக்கிறாள். தலித் மக்களை உள்ளே விட மறுத்ததால் எழுந்த தகராறில் 2023 ஜூனில் அந்தக் கோயிலுக்கு அதிகாரிகள் சீல் வைத்தார்கள். உள்ளே நிற்பவனுக்கு ‘நம்ம கோயில்’ தருகிற தெம்பை வாசலில் நிறுத்தப்பட்டவனுடைய மனசிலிருந்து எடுத்துத் தருகிற ஏற்பாடு அது. ஊரில் வேறு வேறு தெருக்காரர்கள் மில்லில் ஒரே தறி வரிசையில் நின்றோம் என்று ரோடியர்காரர்கள் சொல்வதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு மேல்பாதிதான் நினைவுக்கு வரும். 1936 ஜூலை 30இல் வேலைநிறுத்தத்தின்போது நடந்த துப்பாக்கிச் சூட்டில் செத்த 12 மில் தொழிலாளிகளைத் தொழிலாளி என்றுதான் இன்றுவரை நினைவுகூர்கிறார்கள். அடுத்த ஆண்டே எட்டு மணி நேர வேலை பிரெஞ்சிந்தியாவில் சட்டமானது.

இன்றைய பையன்களுக்கு அந்த வரிசை இல்லை. திருபுவனைக்கோ சேதராப்பட்டுக்கோ கம்பெனி பஸ்ஸில் போகிறார்கள். காண்ட்ராக்டர் மாறினால் அடையாள அட்டையின் கயிற்று நிறமும் மாறும். எந்தக் கம்பெனி என்று கேட்டால் “கம்பெனிக்குப் போறேன்” என்பதோடு சரி. பெயரைச் சொல்லிப் பெருமைப்பட அவர்களுக்கு என்ன இருக்கிறது? அங்கே பத்து வருஷம் வேலை பார்த்துவிட்டு வெளியே வந்தாலும் பத்திரிகையில் யாரும் ‘ஓய்வு’ என்று போட்டுக்கொள்ளப் போவதில்லை.

அவர்களுக்கு மிச்சமிருப்பது கிரிக்கெட் டீம். முதுகில் பெயர் போட்ட ஜெர்சி, ஆளுக்கு இவ்வளவு என்று காசு போட்டு வாங்கிய பேட், டோர்னமெண்ட் சமயத்தில் ரோட்டோரம் ஒரு பேனர். ‘வேலைவெட்டி இல்லாம ஞாயித்துக்கிழமை முழுக்க வெயிலில் நிக்கறானுங்க’ என்று பெரியவர்கள் திட்டுகிறார்கள். திட்டாதீர்கள் என்பேன். ஒருவன் வரவில்லையென்றால் மற்ற பத்துப் பேரும் அவன் வீட்டு வாசலில் பைக்கை நிறுத்தி ஹாரன் அடிக்கிறார்கள். இப்போதெல்லாம் ஞாயிற்றுக்கிழமையிலும் ஓவர்டைம் போடுகிறார்கள். போன மாதம் ஆள் சேராமல் இரண்டு மேட்சை விட்டுக்கொடுத்திருக்கிறார்கள்.