கரடும் நன்றே

பழைய சுவரின்மீது புதுப் பூச்சு ஏற்றுமுன் கொத்தனார் அதனைக் கொத்திக் கரடாக்குவதை அன்பர்கள் கண்டிருப்பர். வழவழப்பான சுவரில் பூச்சு நில்லாது உதிரும். நம் உடலின் உயிரணுக்களும் தாம் பற்றும் தளத்தின் தன்மையை அறிந்து நடப்பன என்பது வியப்பிற்குரியது.

உடலினின்று பிரித்தெடுத்த உயிரணுக்களைக் கலங்களில் இட்டு, ஊட்டநீரில் வளர்ப்பது அறிவியலார் வழக்கம். அவற்றுள் பல மிதந்தவாறே வாழமாட்டா. பற்றிக்கொள்ளத் தளம் வேண்டும். இக்கலையின் முன்னோடியான அமெரிக்க அறிஞர் ராஸ் ஹாரிசன், 1914-இல் சிலந்தி நூலையே தளமாக அமைத்துப் பார்த்தார். கொழுகொம்பைக் கண்ட கொடிபோல, உயிரணுக்கள் அந்நூலைப் பற்றி அதன் வழியே நீண்டு நகர்ந்தன.

2007-இல் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தாரும் சௌத்தாம்ப்டன் பல்கலைக்கழகத்தாரும் வெளியிட்ட ஆய்வு இன்னும் வியப்பானது. பிளாஸ்டிக் தளத்தில் 120 நானோமீட்டர் அகலமுள்ள குழிகளை அமைத்தனர். தலைமயிரின் தடிப்பில் இது நூற்றுக்கணக்கான பங்கில் ஒன்றே. குழிகளின் வரிசை சற்றே ஒழுங்கு கலைந்திருந்தபோது, மனித மூல உயிரணுக்கள் தனி மருந்தேதும் இன்றியே எலும்புத்தாதுவை உண்டாக்கின. உயிரணு தன் புரதக் கைகளால் தளத்தைப் பற்றுகிறது. அப்பற்றின் இழுவிசை உள்ளிழைகள் வழியே கருவை எட்டி, அதன் தொழிலை மாற்றுகிறது என்பர்.

இவ்வறிவு நம் இல்லங்களுக்கும் பயன்படுவதே. தாடையில் ஊன்றும் டைட்டானியப் பல்வேரும், சிமெண்டின்றிப் பொருத்தும் செயற்கை இடுப்பு மூட்டின் தண்டும், எலும்பு பற்றி வளருமாறு கரடாகவே செய்யப்படுகின்றன. மூட்டில் உருளும் பந்தோ நன்கு மெருகிடப்படுகிறது. கரட்டில் கிருமிகளும் எளிதிற் குடியேறும். ஆதலின் ஈற்றுக்கு மேலே அமையும் பகுதி வழவழப்பாக இருத்தலே நலம். அதனை நாள்தோறும் தூய்மை செய்தல் இன்றியமையாதது.

எலும்பு அவ்வாறு பற்றுதற்கு வாரங்களும் திங்களும் ஆகும். வலி தீர்ந்ததுமே முறுக்கைக் கடிக்க முனையும் பெரியவர்கள் நம்மிடையே உளர். "இத்தனை நாள் பொறுக்க வேண்டும்" என மருத்துவர் கூறுவது வீண் அச்சமன்று. கண்ணுக்குப் புலனாகாத உயிரணுக்கள் தம் பிடியை இறுக்கிக்கொள்ள அளிக்கும் தவணை அது. வீட்டிலுள்ளோர் இதனை அவர்களுக்கு அன்புடன் எடுத்துரைப்பின், அரிதிற் செய்த சிகிச்சை பழுதாகாது காக்கலாம்.