கோழிக் கணக்கில் எழுதாத செலவு

"பிராய்லர் கோழிக்கு ஹார்மோன் ஊசி போடறாங்களாம்!" கருமத்தம்பட்டி டீக்கடையில் ஆரம்பித்து கோவை காலேஜ் கேன்டீன் வரை இந்த வதந்திக்குச் சாவே கிடையாது. ஆயிரக்கணக்கான கோழிகளை ஒவ்வொன்றாகப் பிடித்து ஊசி போட்டால் எந்தப் பண்ணைக்கும் கட்டுப்படியாகாது. சுமார் 40 நாளில் 2 கிலோ வருவதற்குக் காரணம், தேர்ந்தெடுத்து உருவாக்கிய இனமும் தீவனமும்தான். இல்லாத ஊசிக்குப் பயப்படுகிறவர்கள், தீவனத்திலும் தண்ணீரிலும் கலக்கப்படும் ஆன்டிபயாடிக்கைப் பற்றி மட்டும் வாயே திறப்பதில்லை.

நோய் வந்த கோழிக்கு மருந்து கொடுப்பதில் தப்பில்லை. நோயே இல்லாத மொத்தக் கொட்டகைக்கும், எடை கூடட்டும் என்று தினமும் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுப்பதுதான் வினை. பலவீனமான பாக்டீரியா செத்துவிடும், தாக்குப்பிடித்தது பெருகும். பெருகுவதோடு நிற்காமல், மருந்தை எதிர்க்கும் மரபணுவைப் பக்கத்து பாக்டீரியாவுக்கும் கைமாற்றிவிடும்.

கொலிஸ்டின் கதையைப் பாருங்கள். வேறு எந்த மருந்தும் கேட்காதபோது ஐ.சி.யூ.வில் கடைசியாக எடுக்கும் மருந்துகளில் ஒன்று அது. அதைத்தான் இந்தியாவில் கோழிக்குக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள்! கொலிஸ்டினை எதிர்க்கிற, பாக்டீரியாக்களுக்குள் கைமாறக்கூடிய எம்.சி.ஆர்-1 மரபணு சீனாவில் பன்றிகளிடமும், கடையில் விற்ற இறைச்சியிலும், நோயாளிகளிடமும் இருப்பது 2015 நவம்பரில் வெளியானது. இந்தியா கால்நடைகளுக்கும் கோழிகளுக்கும் கொலிஸ்டினைத் தடை செய்தது 2019 ஜூலையில். எடை கூட்டுவதற்காகத் தீவனத்தில் ஆன்டிபயாடிக் கலப்பதையே ஐரோப்பிய யூனியன் 2006-லேயே நிறுத்திவிட்டது.

"நாங்க நல்லா வேகவச்சுத்தானே சாப்பிடறோம்?" என்று ஒரு கேள்வி வரும். வேகவைத்தால் பாக்டீரியா சாகும், உண்மைதான். ஆனால் பச்சைக்கறி வெட்டிய கத்தியிலேயே வெங்காயமும் கொத்தமல்லியும் நறுக்கினால்? பண்ணையில் வேலை செய்கிறவர் கை? தோப்புக்கும் காட்டுக்கும் லோடு லோடாகப் போகும் கோழி எரு? அதையெல்லாம் யார் வேகவைக்கிறார்கள்?

உடனே பண்ணைக்காரரைத் திட்டக் கிளம்ப வேண்டாம். சோமனூர், கருமத்தம்பட்டிப் பக்கம் கூலித்தறி ஓட்டுகிறவர் நூலைத் தேர்ந்தெடுப்பதில்லை. கொடுத்த பாவை ஓட்டிக் கூலி வாங்குகிறார். ஒப்பந்தக் கோழி வளர்ப்பும் அதே கணக்குத்தான். குஞ்சு, தீவனம், மருந்து மூன்றும் கம்பெனியுடையது. கொட்டகை, தண்ணீர், கரண்ட், உழைப்பு பண்ணைக்காரருடையது. கிலோவுக்கு இவ்வளவு என்று அவருக்கு வளர்ப்புக் கூலி. மூட்டைக்குள் என்ன இருக்க வேண்டும் என்று முடிவு செய்கிறவர்தான் பதில் சொல்ல வேண்டும்.

காமர்ஸ் பாஷையில் சொன்னால் இது புறவிளைவு. ஒருவர் லாபம் பார்க்க, செலவை வேறொருவர் தலையில் கட்டுவது. ஒரு கிலோ கறியின் அடக்கவிலையில் குஞ்சு, தீவனம், கூலி, வண்டி வாடகை எல்லாம் வரும். மருந்து கேட்காமல் கூடுதலாகப் பத்து நாள் ஆஸ்பத்திரியில் கிடக்கிறவரின் பில் மட்டும் எந்தக் கணக்கிலும் வராது. 2019-ல் மட்டும் மருந்துக்கு அடங்காத பாக்டீரியாவால் நேரடியாக உலகில் சுமார் 12.7 லட்சம் பேர் இறந்ததாக 2022-ல் லான்செட் இதழில் வந்த ஆய்வு மதிப்பிட்டது. அத்தனைக்கும் கோழி காரணமில்லை. மனிதர்கள் மெடிக்கல் ஷாப்பில் சீட்டில்லாமல் வாங்கி விழுங்குவதற்கும் பெரிய பங்கு உண்டு. அதற்காகக் கோழித் தீவனத்தின் பங்கைத் தள்ளுபடி செய்ய முடியாது.

கறி சாப்பிடாதே என்பதல்ல பேச்சு. தீவன மூட்டையில் எந்த ஆன்டிபயாடிக், எவ்வளவு என்று தமிழில் அச்சடிக்க வேண்டும். கால்நடை மருத்துவர் சீட்டில்லாமல் பண்ணைக்கு மருந்து போகக்கூடாது. கறியில் மருந்து மிச்சம் இருக்கிறதா என்று பார்த்தால் மட்டும் போதாது. மருந்து கரைந்து போன பிறகும் அதை எதிர்க்கப் பழகிய பாக்டீரியா இருக்கும். அதையும் சோதித்து, முடிவை மாவட்ட வாரியாக வெளியிட வேண்டும்.

இதனால் கிலோவுக்குச் சில ரூபாய் கூடலாம். கூடட்டுமே! அந்தப் பணம் இப்போதும் மிச்சமாவதில்லை, ஆஸ்பத்திரி கவுன்ட்டரில் வேறு யாரோ கட்டிக்கொண்டிருக்கிறார்கள்.